கான் ஓரத்தில் ஒரு கணக்குப் பாடம்



சென்ற தவணையில் எங்கள் டிவிசன் பாடசாலைப் பிள்ளைகளை ஒரு நாள் முழுவதும் வகுப்பறைக்கு வெளியே வைத்துப் படிப்பிக்க அதிபரும் ஆசிரியர்களும் நாங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்தோம். "செய்து பார்க்கும் நாள்" என்று அதற்குப் பெயர். கையால் அளந்து, நிறுத்து, வரைந்து, ஆட்களிடம் கேட்டு எழுதிப் படிக்கிற நாள். இந்த அறிவித்தலைக் காலையில் பிரட்டுக்களத்தில் வாசித்தேன். ஒரு தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்க ஐயா, எம் மக இந்த மலைக்கு வரக்கூடாதுன்னுதானே நான் மழையிலயும் அட்டையிலயும் நிக்கிறேன்? நீங்க என்னான்னா ஸ்கூல் நேரத்துல புள்ளைங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறீங்க. இதுக்கா வெள்ளைச் சட்டை தைச்சுக் குடுத்தோம்?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் சரியான பதிலும் வரவில்லை. "பெறகு பேசுவோம் அம்மா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி. நம்முடைய ஆட்கள் இந்தக் கேள்வியை முன்பும் கேட்டிருக்கிறார்கள்.

நம் பாட்டன் பூட்டன்மார் புறப்பட்டு வந்த சென்னை மாநிலத்தில் 1953ஆம் ஆண்டு முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. அவர் கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரத்தில் தகப்பன் செய்கிற தொழிலைப் பழக வேண்டும். குயவன் பிள்ளை சட்டி பானை, சலவைத் தொழிலாளி பிள்ளை துணி துவைப்பு. ஒரே கட்டிடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம், கைத்தொழிலும் அழியாது என்று அரசாங்கம் சொன்னது. சனங்கள் ஏற்கவில்லை. "குலக்கல்வித் திட்டம்" என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்கு உள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகி காமராஜர் வந்தார். திட்டமும் கைவிடப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்குக் கிட்டத்தட்ட ஒத்த கதை உண்டு. 1932இல் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸ என்ற இடத்தில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று ஆரம்பமானது. தோட்டம் போடுவது, கைவேலை, சுகாதாரம், ஊரைப் பற்றிய பாடம் எல்லாம் அதில் இருந்தன. திட்டம் கெட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பட்டணத்து ஆங்கிலப் பாடசாலைப் பிள்ளை கந்தோர் உத்தியோகத்துக்குப் படிக்கும்போது, கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மண்வெட்டி என்ற சந்தேகம் எழுந்தது. இது நம்மைக் கிராமத்திலேயே கட்டிப்போடுகிற வேலை என்று குறை சொன்னார்கள். திட்டம் நாடெங்கும் நிலைக்கவில்லை.

இந்த இரண்டு கதையிலும் எனக்குப் பட்டது ஒன்று. கையால் செய்து படிப்பதில் குற்றம் இல்லை. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் கைவேலை, மற்றப் பிள்ளைக்குப் பரீட்சை என்று பிரித்ததில்தான் குற்றம். ஆகவே எங்கள் கூட்டத்தில் மூன்று நிபந்தனை போட்டுக்கொண்டோம். எந்தப் பிள்ளையும் கொழுந்து பறிக்கவோ கூடை சுமக்கவோ கூடாது. அன்றைக்குச் செய்வது எல்லாம் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் உதவுகிற கணக்கு, விஞ்ஞானம், புவியியல், தமிழ் ஆகிய பாடங்களோடு சேர வேண்டும். பட்டணத்துப் பாடசாலைப் பிள்ளை செய்தாலும் பொருந்துகிற வேலையாக இருக்க வேண்டும். மலைக்குப் போவது மலை வேலை பழக அல்ல. அங்கே நடக்கிறதற்குக் காரணம் கேட்கத்தான் போகிறோம்.

மூன்று கம்பும் ஒரு கல்லும்

முதல் வேலை கானில். கான் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலைச் சரிவில் குறுக்கே வெட்டிய வாய்க்கால். ஆனால் ஏன் அது இந்தச் சாய்வில் போகிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. தேயிலை மலையில் குறுக்குக் கானுக்கு 120க்கு 1 என்ற சாய்வு சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது 120 அடி நீளத்துக்கு ஓர் அடிதான் தாழ வேண்டும்.

ஓய்வு பெற்ற கான் வெட்டும் பெரியவர் ஒருவரைப் பிள்ளைகள் முன் பேசச் சொன்னோம். முதலில் கூச்சப்பட்டார். "நான் என்னாத்த சொல்றது, எனக்கு எழுத்து தெரியாது" என்றார். பிறகு ஒரே வசனத்தில் சொன்னார்: "கான்ல தண்ணி ஓடக்கூடாது தம்பி, நடக்கணும்." வேகமாக ஓடினால் கானின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும். நடக்காமல் நின்றால் நிரம்பி, கரை உடைந்து, கீழே உள்ள நிரையை எல்லாம் கொண்டுபோகும். புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பதை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். எட்டாம் வகுப்பு ஆசிரியை அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போட்டார்.

இனி பிள்ளைகள் அதை அளந்து பார்க்க வேண்டும். கருவி வாங்கக் காசு இல்லை. ஒரே நீளமான இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை 1.8 மீற்றர் அகலத்துக்கு விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டினோம். ஆங்கில 'ஏ' எழுத்தைப் போல இருக்கும். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிட வேண்டும். மட்டம் பார்க்க இது போதும். பல நாடுகளில் மலைநிலத்து விவசாயிகள் இதை வைத்துத்தான் சமமட்டக் கோடு போடுகிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, வீட்டில் செய்கிறவர்கள் கவனிக்கவும். சட்டத்தை ஓர் இடத்தில் நிறுத்தி, இரண்டு கால்களும் நிற்கிற இடத்தை அடையாளம் செய்யுங்கள். நூல் குறுக்குக் கம்பில் எங்கே படுகிறதோ அங்கே கரியால் கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, இடது கால் நின்ற இடத்தில் வலது காலையும், வலது கால் நின்ற இடத்தில் இடது காலையும் வையுங்கள். நூல் வேறு இடத்தில் படும். அங்கேயும் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரிநடுவே உள்ள புள்ளிதான் மட்டம். கம்பு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை, நடுப்புள்ளி பொய் சொல்லாது. ஒரு பையன் "தராசுத் தட்டை மாத்தி நிறுத்துப் பாக்குற மாதிரி" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இப்போது கணக்கு. 1.8 மீற்றர் என்றால் 1,800 மில்லிமீற்றர். அதை 120ஆல் பிரித்தால் 15. ஆகவே தாழ்ந்த பக்கத்துக் காலின் கீழ் 15 மி.மீ. தடிப்பான மரத்துண்டை வைத்துப் பார்க்கும்போது நூல் நடுப்புள்ளியில் நின்றால், அந்தக் கானின் சாய்வு 120க்கு 1. பெரியவர் முப்பது வருசத்துக்கு முன் வெட்டிய கானில் ஐந்து இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று இடத்தில் நூல் நடுப்புள்ளியிலேயே நின்றது. மற்ற இரண்டில் கொஞ்சம் விலகியிருந்தது. "அது நான் வெட்டுன எடமில்ல, பின்னால வந்தவனுங்க வெட்டுனது" என்று பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை.

விகிதம் என்ற பாடத்தில் வழக்கமாகத் தடுமாறுகிற பிள்ளைகள் அன்று யாரும் கேட்காமலே கணக்குப் போட்டார்கள். கால் அகலம் 1.2 மீற்றர் என்றால் எத்தனை மி.மீ. துண்டு வேண்டும் என்று ஒரு பிள்ளை தானே கேட்டு, 10 என்று தானே விடை சொன்னது.

கொழுந்து மடுவத்தில்

அடுத்தது நிறை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். 100 கிலோ கொழுந்து ஆலைக்குப் போனால் தேயிலைத்தூளாக வருவது ஏறக்குறைய 21, 22 கிலோ. மீதி எங்கே போனது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். "தூசியாப் போச்சு", "கழிச்சுட்டாங்க" என்று பலவிதமாகச் சொன்னார்கள். அரைக் கிலோ கொழுந்தைப் பழைய பத்திரிகையில் பரப்பி, சமையலறைத் தராசில் காலை, மதியம், மாலை, மறுநாள் காலை என்று நிறுத்து எழுதச் சொன்னோம். நிறை இறங்கிக்கொண்டே வந்தது. அதை வரைபடத் தாளில் கோடாக வரைந்தார்கள். ஆவியாதல் என்ற சொல் அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கியது.

இன்னொன்றும் செய்தோம். இதை எழுதுவதா வேண்டாமா என்று எனக்கே கொஞ்சம் யோசனைதான், ஆனாலும் எழுதுகிறேன். ஈரமில்லாத கொழுந்தை ஒரு கிலோ நிறுத்து, தண்ணீரில் முக்கி, நன்றாக உதறிவிட்டு மறுபடி நிறுத்தார்கள். கூடிய நிறையை நூற்று வீதமாகக் கணக்கிட்டார்கள். மழை நாளில் ஈரத்துக்கு என்று நிறை கழிப்பது எல்லாத் தோட்டத்திலும் வாக்குவாதம் உண்டாக்கும் விசயம். கழிப்பதில் காரணம் உண்டு என்பதும் அந்தக் கணக்கில் தெரியும், எவ்வளவு கழித்தால் நியாயம் என்பதும் அதே கணக்கில் தெரியும். பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் இந்த வீதக் கணக்கைப் போடத் தெரிந்துகொண்டால், சம்பளத் துண்டை அடுத்த வீட்டாரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லும் வேலை அந்தக் குடும்பத்துக்கு இருக்காது.

மழைப் போத்தல்

அன்று செய்தவற்றில் எதை முதலில் வைப்பீர்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். செலவு எதுவும் இல்லை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று போதும்.

போத்தலின் மேற்பகுதியை, வளைவு முடிந்து நேராக வருகிற இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய துண்டைக் கவிழ்த்துப் புனலாக உள்ளே வையுங்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருப்பதால் சின்னக் கற்களைப் போட்டு, அவை மூடும் வரைக்கும் தண்ணீர் விடுங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து மேலே மி.மீ. அடையாளமிட்ட கடதாசித் துண்டை ஒட்டி, மேலே பொலித்தீன் பசைத்தாள் ஒட்டுங்கள். மரமும் கூரையும் மறைக்காத வெளியில், காற்றுக்கு விழாதபடி ஊன்றுங்கள். பக்கச் சுவர் நேரான, கோடு பள்ளம் இல்லாத போத்தலாகப் பார்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பிழைக்கும். காலை 8.30க்குப் பார்த்து, திகதியோடு எழுதி, தண்ணீரைப் பூச்சியம் வரைக்கும் ஊற்றிவிட வேண்டும். வளிமண்டலத் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் பார்க்கிறது. தோட்டக் கந்தோரிலும் மழைப் புத்தகம் இருக்கிறது. பிள்ளைகளின் அளவையும் அதையும் ஒப்பிடக் கிளார்க் ஐயா அனுமதித்தார்.

ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். இதை மனதில் வைத்தால் நிறையக் கணக்கு போடலாம். ஒரு காம்பராவின் கூரை 20 சதுர மீற்றர் என்று வையுங்கள். 10 மி.மீ. மழைக்கு அந்தக் கூரையில் விழுவது 200 லீற்றர். பீலியில் வரிசை நின்று சண்டை பிடிக்கிற நாம், கூரைத் தண்ணீரைக் கானில் விடுகிறோம் என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதியிருந்தது. ஆசிரியர் அதற்குச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார்.

ஆனால் மழைப் போத்தலை நான் முதலில் வைப்பதற்கு வேறு காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மண் சரிவு பற்றி எச்சரிக்கும் பொறுப்பு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. ஆபத்தான சரிவுகளுக்கு அவர்கள் சொல்லும் அளவு இது: 24 மணி நேரத்தில் மழை 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும்.

வானொலியில் "75 மில்லிமீற்றர்" என்று சொல்லும்போது அது எவ்வளவு என்று லயத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? போத்தலில் ஏழரை சென்ரிமீற்றர், ஏறக்குறைய நடுவிரல் நீளம். அடுத்த மலையில் பெய்கிற மழையும் நம் மலையில் பெய்கிற மழையும் ஒன்றாக இருக்காது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். ஆகவே லயத்துக்கு ஒரு போத்தல் வேண்டும். இரவில் கடும் மழை என்றால் பெரியவர் ஒருவர் டோர்ச் அடித்து, கதவடியிலிருந்து பார்க்கக்கூடிய இடத்தில் அது இருக்க வேண்டும். போத்தலில் 75 வராவிட்டாலும், நிலத்தில் புது வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குதல் அல்லது நின்றுபோதல், கதவு சன்னல் இறுகுதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். அதிகாரிகளின் அறிவித்தல் வந்தால், போத்தலில் என்ன இருந்தாலும் அறிவித்தல்படியே நடக்க வேண்டும்.

வெடிப்பை அளக்கவும் பிள்ளைகள் பழகினார்கள். பழைய வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியரோடு போய் அளப்பது. கூடினால் அன்றைக்கே தோட்டக் கந்தோருக்கும் கிராம சேவகருக்கும் சொல்வது. மழை நாளில் பிள்ளைகள் அங்கே போகக்கூடாது.

தண்ணீர் போகும் வழி

மாலையில் டிக்கோயாப் பக்கமும் கொட்டகலைப் பக்கமும் தெரியக்கூடிய ஒரு மேட்டுக்கு, அனுமதி பெற்று மூத்த பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். டிக்கோயாப் பக்கம் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், பிறகு மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பில் கடலில் விழுகிறது. கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்து மழை கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. ஒரே மழை, நடுவில் ஒரு மலைமுதுகு. இந்தப் பக்கம் விழுந்த துளி மேற்குக் கடலுக்கு, அந்தப் பக்கம் விழுந்தது கிழக்குக் கடலுக்கு.

புவியியல் புத்தகத்தில் "நீர்ப்பிரிமேடு" என்று இருக்கிற சொல் இதுதான். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையம் 150 மெகாவாட் என்று படிப்பதோடு, அந்தத் தண்ணீர் தங்கள் லயத்துக் கானிலிருந்தும் போகிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். எங்கள் மழையில் கொழும்பு குடிக்கிறதா என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆமாம் என்றோம். கொழும்புக்குக் குடிதண்ணீரில் பெரும்பகுதி களனியிலிருந்துதான் போகிறது. அவளுக்கு அன்று பெரிய மகிழ்ச்சி.

அப்புறம் கதை சேகரிப்பு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் கடைசியில் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும். அந்த நகரத்தில் கடைக்குப் போன பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவது, கடைத்தெருவை அவர்கள் சொல்லச் சொல்ல வரைவது, களிமண்ணில் செய்வது என்பவை சிறு பிள்ளைகளின் வேலை. மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிற அண்ணன்மார் இரண்டு பேர் வந்து தப்பின் அடிகளை மேசையில் தட்டிக் காட்டினார்கள். மழைப் போத்தலை வைத்துப் பிள்ளைகள் ஒரு சின்ன நாடகம் கட்டினார்கள். அதில் வானொலி அறிவிப்பாளராக வந்த பையன், மழை அளவைச் சொல்ல மறந்து கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையைச் சொல்லிவிட்டான். எல்லோருக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு.

வண்டிச் செலவு இல்லாத நாள்

"இப்படிச் சுத்திக் காட்டுறதுக்குக் கொழும்புக்கே கூட்டிப்போகலாமே" என்று ஒரு தகப்பன் கேட்டார். போகலாம், நல்லதுதான். ஆனால் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1992இல் நான் ஏழாம் வகுப்பு. எங்கள் பாடசாலையில் கொழும்புக்குச் சுற்றுலா. மிருகக்காட்சிச்சாலை, விமான நிலையம், கடல். என் வீட்டில் காசு இல்லை. வகுப்பில் பதினொரு பேர் போகவில்லை. அந்த நாள் முழுவதும் எங்களைக் கடைசி வகுப்பில் உட்காரவைத்து வாய்ப்பாடு எழுதச் சொன்னார்கள். அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒரே கட்டுரை: "நான் சென்ற சுற்றுலா." நான் பார்க்காத யானையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆசிரியர் "நன்று" என்று போட்டார். அந்த "நன்று" எனக்கு இன்றைக்கும் கசக்கிறது.

அதனால்தான் நடந்து போகக்கூடிய தூரத்தில் வைத்தோம். ஒரு பிள்ளையும் மிச்சமில்லை. தூரத்துக்குப் போக வசதி கிடைத்தால், பக்கத்தில் உள்ளவற்றை முதலில் பாருங்கள். 1861இல் தொடங்கிய ஹக்கலை பூங்காவில் முதலில் சிங்கோனா மரம் வளர்த்துப் பார்த்தார்கள். அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்குக் கொயினா மருந்து எடுத்தார்கள். தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்கூட்டியே அதிபர் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். நம் தவறணையில் இருக்கிற கன்றுகளுக்கு ஏன் 2023, 2025 என்று எண் பெயர் என்று அங்கே கேட்கலாம். கோப்பிக்கு 1869இல் இலைநோய் வந்து, பிறகு கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை பரவிய கதையும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஒரு சின்னப் பூஞ்சணம் நம் பாட்டன்மார் வேலையையே மாற்றிவிட்டது.

வெளியே போகுமுன் கவனிக்க வேண்டியவை சில. குளவிக் கூடு எந்த மரத்தில், எந்தப் பாறையில் இருக்கிறது என்று அந்த மலையில் வேலை செய்கிறவர்களிடம் முதல் நாளே கேட்டு, அந்தப் பக்கமே போகக்கூடாது. மருந்து அடித்த மலை எது என்று வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும். நீர்த்தேக்கக் கரைக்கும் ஆற்றுக்கும் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். வயது வந்த பெண்பிள்ளைகள் வருவதால், போகிற வழியில் மலசலகூடம் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். பிள்ளை மடுவத்தை நாங்கள் அதற்குப் பாவித்தோம். இதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து திட்டம் போட்டால் மறந்துவிடுவார்கள், நானும் மறந்தேதான் இருந்தேன், ஓர் ஆசிரியைதான் நினைவுபடுத்தினார். மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே ரொட்டியும் சம்பலும், தேத்தண்ணியும். யார் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை.

பாடம் கெட்டுப்போகாதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கவலை அதிகம். ஆரம்பப் பிரிவில் "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்று ஒரு பாடமே இருக்கிறது. நாங்கள் செய்தது அதற்கு வெளியே இல்லை. ஆனால் ஒரு குறை இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அன்று எழுதிய குறிப்புகளை மறுவாரம் வகுப்பில் எடுத்துத் திருத்த நேரம் ஒதுக்காமல் விட்டுவிட்டோம். சில வகுப்புகளில் அந்தத் தாள்கள் அப்படியே அலுமாரிக்குள் போய்விட்டன. வெளியில் ஒரு நாள் என்றால் வகுப்புக்குள் அதற்கு இரண்டு நாள் வேண்டும். அடுத்த தவணைக்கு அதையும் சேர்த்தே நேரசூசி போட அதிபர் சம்மதித்திருக்கிறார்.

அந்தத் தாய்க்கு வருகிறேன். அவர் மகளும் அன்று வந்திருந்தாள். மட்டம் பார்க்கும் சட்டத்தைக் கட்டியதில் அவள்தான் முன்னின்றாள். இரண்டு வாரம் கழித்து, நல்ல மழை பெய்த ஒரு காலையில், தாய் பிரட்டுக்களத்தில் என்னைக் கண்டு, "ஐயா, ராத்திரி நாப்பத்தி ரெண்டு" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "மழைங்க. எம் மக பாத்துச் சொல்லிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனா." கந்தோரில் போய்ப் பார்த்தேன், மழைப் புத்தகத்தில் 44 என்று இருந்தது. இரண்டு மி.மீ. வித்தியாசம் போத்தலிலா புத்தகத்திலா என்று மகள் சண்டைக்கு வருகிறாளாம். இன்னும் "மலைக்கு ஏன் கூட்டிப் போனீங்க" என்ற கேள்வியை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் கேட்கட்டும்.

அடுத்த செய்து பார்க்கும் நாளைத் தை, மாசியில் மழை குறைந்த வாரமாகப் பார்த்து வைக்க இருக்கிறோம். அதற்குமுன் லயத்துக்கு ஒரு மழைப் போத்தல் வைக்க வேண்டும். நேரான சுவருள்ள ஒன்றரை லீற்றர் போத்தல் வீட்டில் இருந்தால் கழுவிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கவ்வாத்து, கான், தவறணை வேலை தெரிந்த பெரியவர்கள், பாட்டுத் தெரிந்த பாட்டிமார், தச்சு வேலை தெரிந்தவர்கள் பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேச விரும்பினால் பிள்ளை மடுவத்து அம்மாவிடம் பெயர் கொடுக்கலாம். எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.